தட்டுமுட்டுச் சாமான்கள்: காவல், காப்பீடு, கணக்கில் வராத இழப்பு

1

சென்னையிலிருந்து மதுரைக்கு வீடு மாற்றுகிற ஒரு குடும்பம் தன் சாமான்களை லாரியில் ஏற்றி, அவற்றுக்கு இன்ஷூரன்ஸும் எடுத்தால் கையில் கிடைக்கிற பாலிசி 'மரைன்' வகையைச் சேர்ந்ததாக இருக்கும். மரைன் என்றால் கடல். தாம்பரம் தாண்டி, விழுப்புரம் தாண்டி, திருச்சி வழியாகப் போகிற லாரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தைப் புரட்டினால், தரைவழியாகப் போகும் சரக்கையும் அது கடல் காப்பீட்டுக்குள்ளேயே அடக்கிவைத்திருப்பது தெரியும். பீரோ, கிரைண்டர், தையல் மெஷின், கயிறு போட்டுக் கட்டிய புத்தக மூட்டை எல்லாமே சட்டத்தின் கண்ணில் கப்பல் சரக்கு.

இதை ஒரு பெயர்க்குழப்பம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பெயர்கள் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சரக்கை அனுப்புகிற வியாபாரியின் பார்வையில் உருவான ஒரு சொல்லாடல், குடியிருப்பவரின் அடுப்பங்கரைவரை வந்து சேர்ந்த கதை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அந்தச் சொல்லாடல் நான்கு கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறது. எது உடைமை? யார் உடைமையாளர்? எந்த நகர்வு முறையான பயணம்? எந்த இழப்பு, இழப்பு என்று எழுதத் தக்கது? இப்பதில்கள் எப்போது, யாரால், யாரை வெளியே நிறுத்தி எழுதப்பட்டன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இன்று கிடைக்கும் மிகப் பழைய காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒன்று 1347-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஜெனோவா நகரத்துடையது. வட்டி வாங்குவதைத் திருச்சபை தடை செய்திருந்த காலம் அது. அதனால் அந்த ஒப்பந்தம் ஒரு வட்டியில்லாக் கடன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. 1680-களின் இறுதியில் லண்டன் டவர் தெருவில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கப்பல்காரர்களும் பணக்காரர்களும் கூடினார்கள். கப்பல் பெயரையும் சரக்கையும் எழுதிய தாளின் அடியில் அவரவர் ஏற்கும் பங்குக்குக் கையெழுத்துப் போட்டார்கள். உலகப் புகழ்பெற்ற லாயிட்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் இந்தக் காபிக் கடைதான்.

பூக்கோவின் உதவியாளராக இருந்த பிரான்சுவா எவால்ட் காப்பீட்டைப் பற்றி யோசித்தபோது ஒன்றைச் சுட்டினார். 'ரிஸ்க்' என்பது உலகத்தில் ஏற்கெனவே கிடக்கிற பொருள் கிடையாது. நிகழ்வுகளை ஒரு குறிப்பிட்ட விதத்தில் எண்ணி, வகைபிரித்து, விலைபோடும்போதுதான் அது ரிஸ்க் ஆகிறது. அப்படியானால் எண்ணுகிறவர் யார் என்று கேட்டாக வேண்டும்.

2

எண்ணுகிற வேலை ஐரோப்பாவில்தான் தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். நம் தர்மசாஸ்திரக்காரர்களுக்கும் இது நன்றாகவே தெரிந்திருந்தது. கடன் கொடுப்பதைப் பற்றிப் பேசும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, காட்டு வழியாகச் சரக்குக் கொண்டுபோகிறவரிடம் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்தும், கடல் கடந்து போகிறவரிடம் நூற்றுக்கு இருபதும் வட்டி வாங்கலாம் என்கிறது. வழியில் உள்ள ஆபத்து வட்டியாக மாறுகிறது. கடலில் போன சரக்கு திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்குப் போடப்பட்ட விலை இது. இன்றைய பிரீமியத்தின் தர்க்கம் இதில் அப்படியே இருக்கிறது.

இதே ஸ்மிருதியில் இதற்கு முந்தைய சுலோகத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஈடு வைக்காமல் வாங்கும் கடனுக்குப் பிராமணர் இரண்டு, க்ஷத்திரியர் மூன்று, வைசியர் நான்கு, சூத்திரர் ஐந்து என்று மாத வட்டி வருண வரிசையில் ஏறிக்கொண்டே போகிறது. மநுவிலும் இதே ஏணி உண்டு. ஐந்துக்குக் கீழே ஏணியே கிடையாது. அவர்ணர் கடன் வாங்கத் தகுந்தவராகக்கூட அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

காட்டு வழிக்கு ஒரு விலை, கடல் வழிக்கு ஒரு விலை, சாதிக்கு ஒரு விலை. மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் எழுதப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. பாதையின் ஆபத்தை அளக்கிற கோலும் மனிதரின் தகுதியை அளக்கிற கோலும் ஒன்றாகவே இருந்தன. காப்பீட்டின் வரலாறு பற்றி எழுதுகிற நம் வணிகவியல் பாடப்புத்தகங்கள் முதல் வரியைப் பெருமையோடு எடுத்துப்போட்டு, 'அன்றே இந்தியாவில்' என்று மார்தட்டிக்கொள்ளும். பக்கத்து வரியைப் பற்றி மூச்சு விடாது.

3

கடல் வியாபாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புயலில் கப்பல் மூழ்கப் போகிறது என்றால், பாரத்தைக் குறைக்கச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிவார்கள். மிச்சம் பிழைத்ததால் லாபமடைந்த எல்லோரும், எறியப்பட்ட சரக்கின் சொந்தக்காரருக்குப் பங்கு போட்டு ஈடு கொடுக்க வேண்டும். ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கிவந்த இந்த விதியை 533-இல் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமச் சட்டத்திலும் பார்க்கலாம். கூடவே அங்கு ஒரு துணைவிதி: பங்கு கணக்கிடும்போது கப்பலில் இருக்கும் சுதந்திர மனிதர்களின் உடலுக்கு விலை போட முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் 'சுதந்திர' என்ற அடைமொழியை மட்டும் நீக்கிப் பாருங்கள், கதை எங்கே போகிறது என்று தெரியும்.

1781 நவம்பர் இறுதியில், லிவர்பூல் முதலாளிகளுக்குச் சொந்தமான 'சாங்' என்ற அடிமைக் கப்பல் வழிதவறியது. தண்ணீர் பற்றாக்குறை என்று சொல்லி ஏறத்தாழ 130 ஆப்பிரிக்கர்களை, சில நாட்கள் பிரித்துப் பிரித்து, உயிரோடு கடலில் எறிந்தார்கள். காரணம் காப்பீட்டு விதியில் இருந்தது. நோயில் செத்தால் முதலாளிக்கு நஷ்டம், காப்பீட்டுக்காரர் கொடுக்க மாட்டார். கப்பலைக் காப்பாற்ற எறிந்ததாகச் சொன்னால் தலைக்கு 30 பவுண்டு கேட்கலாம். கேட்டார்கள். 1783-இல் ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், இந்த வழக்கில் அடிமைகளின் நிலை குதிரைகளைக் கடலில் எறிந்ததற்குச் சமம் என்று ஜூரி கருதியதை எடுத்துச் சொல்லி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். முன்னாள் அடிமையான ஒலாடா எக்வியானோ இந்தச் செய்தியை கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோனார். கொலை வழக்குப் போட ஷார்ப் முயன்றார், நடக்கவில்லை. நீதிமன்றத்தில் நடந்தது கடைசிவரை ஒரு இன்ஷூரன்ஸ் வழக்கு மட்டுமே.

நோயில் இறந்தால் ஈடு இல்லை என்பதற்குப் பின்னால் இருந்தது 'சரக்கின் இயல்புக் குறை' என்ற கருத்து. பழம் அழுகும், இரும்பு துருப்பிடிக்கும், அடிமை சாவான். இது பொருளின் சுபாவம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. இந்தியாவின் கடல் காப்பீட்டுச் சட்டம் 1963-இல் வந்தது. அடிமை அதில் இல்லை. ஆனால் இயல்புக் குறை என்ற விலக்கு இருக்கிறது. சாதாரணத் தேய்மானம் இருக்கிறது. எலியும் பூச்சியும் அரித்த நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்பதும் இருக்கிறது. வீடு மாற்றும்போது நாம் கையெழுத்திடும் தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், அந்தக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

4

இனி நம் ஊருக்கு வருவோம். தாளில் எழுதாத ஒரு காப்பீடு இங்கே இருந்தது. அதற்குப் பெயர் காவல். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கள்ளர், மறவர் முதலிய சாதியினர் ஊர்க்காவல், தேசகாவல் என்ற பெயர்களில் ஊரின் பயிர், மாடு, வீட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பேற்றார்கள். அதற்கு ஊர் தானியமாகவோ பணமாகவோ காவல்கூலி கொடுத்தது. பொருள் களவுபோனால் காவல்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். துப்புச் சொல்லி மாட்டை மீட்டுக் கொடுப்பதற்குத் துப்புக்கூலி என்று தனியாக ஒன்று.

பிரீமியம் வாங்கு, பொறுப்பேற்றுக்கொள், இழந்தால் ஈடு கொடு. இதைத்தானே கல்கத்தாவில் 1850-இல் தொடங்கிய டிரைட்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் செய்தது? அதற்குப் பெயர் வணிகம். காவலுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் மிரட்டிப் பணம் பறித்தல். கூலி கொடுக்காத வீட்டில் காவல்காரரே திருடுவார் என்பது அவன் வாதம். அப்படி நடக்கவும் செய்தது. ஆனால் 1816-இன் போலீஸ் ஒழுங்குவிதியும் 1859-இன் சென்னை போலீஸ் சட்டமும் வந்தபோது ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். காவல்காரர் திருட்டுப் போனால் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். போலீஸுக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. பாதுகாக்கும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. ஈடுகட்டும் கடமையை எடுத்துக்கொள்ளவில்லை.

காவலைப் பொற்காலமாக்குகிற வேலையும் நமக்கு வேண்டாம். கூலி கொடுக்கிற அளவுக்கு உடைமை வைத்திருந்தவருக்கே அது காவல். சேரியில் பானை உடைந்தால் யாரும் துப்புச் சொல்ல வரவில்லை. ஆதிக்கம் பொறுக்காமல் எதிர்ப்பும் வந்தது. 1896-இல் திண்டுக்கல் பகுதியில் இடையர் உள்ளிட்ட சாதியினர் கள்ளர் காவலை ஒழிக்கத் திரண்டார்கள். அந்த இயக்கத்துக்கு வழங்கிய பெயர் 'பண்டு'. பணம் திரட்டி, மாட்டைப் பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுப்பது அதன் திட்டங்களில் ஒன்று. ஒருவர் இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது என்கிற பரஸ்பரக் காப்பீட்டைக் கிராமத்து ஆட்கள் தாங்களாகவே கண்டுபிடித்த தருணம் இது. அதே இயக்கம் கள்ளர்களை ஊர்களிலிருந்து விரட்டவும் செய்தது. ஒருவருக்குக் காப்பீடாக இருந்தது இன்னொருவருக்கு வெளியேற்றமாக முடிந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இன் திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவு செய்யப்பட்டவர் தான் குடியிருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். இடம் மாறினால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வீடு மாற்றினால் தண்டனை. இதற்குக் கொடுத்த அனுமதித் தாளை மக்கள் 'ராதாரிச் சீட்டு' என்றார்கள். ராதாரி என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். முகலாயர் காலத்தில் வழிப்பாதுகாப்புக்காகப் பயணிகளிடமும் வியாபாரிகளிடமும் வாங்கிய வரிக்கு அந்தப் பெயர். வழியில் சரக்கைப் பாதுகாக்கக் கொடுத்த கட்டணத்தின் பெயரே, வழியில் மனிதரை மறிக்கிற தாளின் பெயராக மாறியது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் செத்த 16 பேரை அந்த மண் இன்றும் நினைவுகூர்கிறது. லாரிக்கு மரைன் பாலிசி எடுக்கிற ஒருவரும், வீடு மாற்ற ராதாரிச் சீட்டுக்கு நிற்கிற ஒருவரும் ஒரே நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள்.

5

காவலுக்கு அடுத்தபடியாகச் சாமானுக்குப் பொறுப்பேற்றவர் அதை ஏற்றிக்கொண்டு போகிறவர், அதாவது வண்டிக்காரர். ஆங்கிலேயப் பொதுச்சட்டம் இவரிடம் மிகவும் கறாராக நடந்துகொண்டது. அடிமைக் கப்பல் வழக்கை விசாரித்த அதே மான்ஸ்ஃபீல்ட் 1785-இல் இன்னொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் மூட்டைகள் தீயில் எரிந்துபோயின. வண்டிக்காரர் மீது எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் ஈடு கொடுத்தாக வேண்டும் என்றார் நீதிபதி. தெய்வச்செயல், அரசனின் எதிரிகளின் செயல் என்ற இரண்டைத் தவிர வேறு எதுவானாலும் வண்டிக்காரரே காப்பீட்டுக்காரர் மாதிரிப் பொறுப்பு என்பது தத்துவம். ஹாப்ஸ் மூட்டைக்கு இவ்வளவு பரிவு.

1830-இல் வண்டி முதலாளிகள் போராடி இந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொண்டார்கள். 10 பவுண்டுக்கு மேற்பட்ட விலையுயர்ந்த பொருள் என்றால் முன்னதாகவே மதிப்பைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன் இந்திய வார்ப்பு 1865-இன் சரக்கேற்றுவோர் சட்டம். இங்கே வரம்பு 100 ரூபாய். சட்டத்தோடு ஒரு அட்டவணை இணைக்கப்பட்டது. பொன், வெள்ளி, ரத்தினம், முத்து, கடிகாரம், உண்டியல், பட்டு, சால்வை, கண்ணாடிச் சாமான், தந்தம், சந்தனம், கஸ்தூரி, அத்தர், அபின், கோரோசனை என்று அது நீள்கிறது. 'எழுத்துகள்' என்றும் ஓர் இனம் உண்டு. எழுத்தாளர்கள் சந்தோஷப்படலாம். இந்த அட்டவணையை ஒரு பிரதியாக வாசித்தால் ஒரு வர்க்கத்தின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்த மாதிரி இருக்கும். அம்மி, ஆட்டுக்கல், முறம், உலக்கை, ஏர் எதுவும் அதில் கிடையாது. அவை இழந்தால் பேச்சு வரும் பொருள்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

ரயில்வே வந்தபோது பொறுப்பு இன்னும் சுருங்கியது. 1890-இன் ரயில்வே சட்டம் ரயிலைச் சாதாரணப் பொறுப்பாளராக்கியது. கால்நடைகளுக்கு ஒரு விலைப்பட்டியலையும் போட்டது. மதிப்பைத் தனியாகச் சொல்லாவிட்டால் யானைக்கும் குதிரைக்கும் அதிகபட்சம் 500 ரூபாய், மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் 50, ஆட்டுக்கும் கழுதைக்கும் 10. ஜமீன்தாரின் குதிரையும் வண்ணாரின் கழுதையும் அந்தத் தாளில் எங்கெங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே போதும்.

ஆனால் 1865-இன் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. அதன் 9-ஆம் பிரிவின்படி, சாமான் தொலைந்தால் ஏற்றிச்சென்றவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதைச் சொந்தக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுத்தேன், வந்து சேரவில்லை என்று சொன்னால் போதும். மீதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர். நுகர்வோர் மன்றத்திலும் இந்த விதி செல்லும் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரசீதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்துவிட்டால் மட்டும் கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாது என்றும் அதே ஆண்டு இன்னொரு வழக்கில் சொன்னது. பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2007-இன் சாலைவழிச் சரக்குச் சட்டம் 2011 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. நிரூபிக்க வேண்டியதில்லை என்ற விதி அதிலும் இருக்கிறது. ஆனால் அதிக மதிப்பை முன்னதாக அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், வாடகையின் பத்து மடங்குக்கு மேல் ஈடு கிடைக்காது என்று விதிகள் வரம்பு கட்டிவிட்டன. வாடகை 15,000 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சத்தோடு கதை முடிந்தது.

6

இன்று வீடு மாற்றுகிறவருக்கு இந்த வரலாறு முழுவதும் ஒரே ஒரு தாளாக வந்து நிற்கிறது, சாமான் பட்டியலாக. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் கேட்பார்: ஃப்ரிட்ஜ் எவ்வளவு போடலாம், டிவி எவ்வளவு போடலாம்? குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்று நாமும் குறைத்துப் போடுவோம். 4 லட்சம் பெறுமான சாமானுக்கு 2 லட்சம் என்று எழுதியிருந்தால், 50,000 ரூபாய் சேதத்துக்கு 25,000தான் வரும். எழுதாத பாதிக்கு நாமே காப்பீட்டுக்காரர் என்பது சட்டத்தின் தர்க்கம். நாமே மூட்டை கட்டியிருந்தால் கட்டியது சரியில்லை என்பார்கள். சில இடங்களில் பில்லில் 'இன்ஷூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், பணமும் வாங்கியிருப்பார்கள், எந்தக் கம்பெனியின் பாலிசி, என்ன எண் என்று கேட்டால் பதில் இருக்காது. பாலிசியை நம் பெயரில் வாங்காமல் லாரி கிளம்ப விடக்கூடாது என்பது இந்த வரலாற்றின் மிகச் சிறிய, ஆனால் அவசியமான பாடம்.

நம் பெயரில் என்றேன். யார் அந்த 'நாம்'? பொதுவாகக் குடும்பத் தலைவர், அதாவது ஆண். காப்பீட்டில் 'காப்புறு நலன்' என்றொரு கோட்பாடு உண்டு. பொருள் அழிந்தால் உண்மையிலேயே நஷ்டப்படுகிறவர்தான் ஈடு கேட்க முடியும். அடுத்தவன் கப்பல் மூழ்கும் என்று பந்தயம் கட்டுவதைத் தடுக்க 1745-இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டதிலிருந்து இது நிலைபெற்றது. இந்தக் கோட்பாட்டை நம் வீட்டு அடுப்பங்கரையில் வைத்துப் பாருங்கள். அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் எல்லாம் சீராக வந்தவை. அவற்றின் விளிம்பில் பெண்ணின் பெயரோ அவள் அப்பாவின் பெயரோ வெட்டியிருக்கும். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் பெண்களிடம் இருந்த ஒரே உடைமைப் பத்திரம். சீதனம் மனைவியின் தனிச்சொத்து, புகுந்த வீட்டில் கலந்துவிட்டதாலேயே அது கூட்டுச் சொத்தாகிவிடாது என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் லாரி ஏறும்போது அவள் பெயர் வெட்டிய அண்டா கணவன் பெயரில் உள்ள பட்டியலில் 'பாத்திரங்கள், ஒரு பெட்டி' என்று மாறிவிடுகிறது. உலோகத்தில் வெட்டிய எழுத்தைத் தாளில் எழுதிய எழுத்து அழித்துவிடுகிறது.

7

மான்ஸ்ஃபீல்ட் வண்டிக்காரருக்குக் கொடுத்த விலக்குகளில் ஒன்று அரசனின் எதிரிகள். யுத்தம் வந்தால் யாருக்கும் பொறுப்பு இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நகரங்கள் மீது குண்டு விழுவதைப் பார்த்த லண்டன் காப்பீட்டுக்காரர்கள் 1937-இல் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கப்பலில் இருக்கும்வரை சரக்குக்குப் போர்க் காப்பீடு கொடுக்கலாம், தரையில் இறங்கிவிட்டால் கிடையாது. தரையில் யுத்தம் என்பது கணக்குக்கு அடங்காத இழப்பு என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

அந்த இடத்தில் அரசு வந்து நிற்க வேண்டியிருந்தது. பிரிட்டன் தன் மக்களுக்காக 1941-இல் போர்ச்சேதச் சட்டம் போட்டது. அதில் வியாபார உடைமைகளுக்கு ஒரு திட்டம், வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு என்று தனியாக இன்னொரு திட்டம். இந்தியாவில் அதே ஏகாதிபத்தியம் 1940-இல் கொண்டுவந்த போர் ஆபத்துச் சரக்குக் காப்பீட்டு அவசரச் சட்டம் வியாபாரிகளின் சரக்கைப் பற்றியது. 1942-இன் சட்டம் ஆலைகளைப் பற்றியது. அந்த 1942-இல்தான் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம், மலைக்காடுகள் வழியாகக் கால்நடையாக வந்தார்கள். ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னையே காலியானது. மாட்டு வண்டி கிடைத்தவர் சாமானோடும் கிடைக்காதவர் மூட்டையோடும் உள்நாட்டுக்குப் போனார்கள். லண்டன் குடித்தனத்தின் நாற்காலி ஒரு சட்டத்தின் அக்கறைக்குரிய பொருள். தமிழ்க் குடித்தனத்தின் பானை சட்டத்தின் மொழிக்கு வெளியே.

இதை வெள்ளையனின் பாரபட்சம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னவர்கள் விடுதலைப் புலிகள். வடமாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆளுக்கு 150 ரூபாயும் உடுத்த துணியும் மட்டும் எடுத்துப்போக அனுமதித்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. நகை, கடைச் சரக்கு, தையல் மெஷின், வீட்டுப் பத்திரம் எல்லாம் சோதனைச் சாவடியிலேயே நின்றுவிட்டன. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்க, வலிகாமத்துத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாதை வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். ஒரே தேதி, இரண்டு வெளியேற்றங்கள். இரண்டிலும் சாமான் பட்டியல் என்று ஒன்று எழுதப்படவில்லை. முதல் வெளியேற்றத்தை மௌனமாக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் பேசுகிற தமிழ்ச் சொல்லாடல், காப்பீட்டுக் கம்பெனியின் விலக்குப் பட்டியலைப் போலவே வேலை செய்கிறது.

8

யுத்தம் இல்லாத காலத்திலும் கட்டாய வீடுமாற்றம் உண்டு. சென்னையில் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏற்றி அனுப்பப்பட்டன. பெரும்பாலானோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். குடிசை மாற்று வாரியம் என்ற பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஏற்றி அனுப்புகிற முறைக்குப் புதுப்பெயர் ஒன்றும் தேவைப்படவில்லை. புல்டோசர் முன்னால், லாரி பின்னால். இடையில் கிடைக்கிற நேரத்தில் அள்ளிப்போட்டதுதான் சாமான்.

நிலம் கையகப்படுத்துவதற்கான 2013-இன் சட்டம் இடம்பெயர்க்கப்படும் குடும்பத்துக்கு, அதன் சாமான்களையும் கட்டுமானப் பொருள்களையும் கால்நடைகளையும் கொண்டுபோக ஒருமுறை 50,000 ரூபாய் என்கிறது. ஏற்றிச் செல்கிற செலவை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. வழியில் தொலைந்தால், உடைந்தால், இடிபாட்டில் புதைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆற்றோரக் குடிசைவாசி 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர் சூட்டப்பட்டுவிட்டதால் அந்த 50,000-த்துக்கும் வழியில்லை. இது 1816-இல் நடந்ததன் தொடர்ச்சி. நகர்த்தும் அதிகாரம் என்னுடையது, ஈடுகட்டும் கடமை என்னுடையதில்லை.

இன்ஷூரன்ஸை இவர்களுக்கும் விற்க வேண்டும் என்பதல்ல என் வாதம். பிரீமியம் கட்டி வாங்குகிற பாதுகாப்பு, தானாக விரும்பி, தேதி குறித்து வீடு மாறுகிறவருக்கு உரியது. விரட்டப்படுகிறவரிடம் பிரீமியம் கேட்பது அயோக்கியத்தனம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைவிடப் பழைய தத்துவம். அடுத்தவர் சாமானைத் தன் வண்டியில் ஏற்றியவர் அதற்குப் பொறுப்பு. இழந்தவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஹாப்ஸ் மூட்டைக்குக் கிடைத்த நியாயம் அது. குடிசையை இடித்து லாரியில் ஏற்றுகிற அரசு ஏற்றிச் செல்பவராக ஆகிறது. அப்படியானால் ஏற்றிச் செல்பவருக்கு உள்ள கடமை எல்லாம் அதற்கும் உண்டு. ஏற்றுமுன் வீடுவீடாகச் சாமான் பட்டியல் எழுத வேண்டும், அதன் நகலைக் குடும்பத்தின் பெண்ணிடம் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், வந்து சேராததற்கு ஈடு கொடுக்க வேண்டும். ஆவணம் இல்லை என்பதை ஈடு மறுக்கக் காரணமாகச் சொல்லக் கூடாது. ஆவணம் எழுதியிருக்க வேண்டியது ஏற்றியவர்.

வெளியேற்றத்தை எதிர்த்து நிற்கிற தோழர்கள் வெளியேற்றமே கூடாது என்று சொல்வது சரி. அதோடு சேர்த்து, முதல் நோட்டீஸ் வந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கிறது என்று எழுதலாம். மிக்சி, கட்டில், மீன்கூடை, பள்ளிச் சான்றிதழ், பெயர் வெட்டிய சொம்பு. 1865-இன் அட்டவணையில் இல்லாத இந்தப் பொருள்களைக் கொண்டு நாம் எழுத வேண்டிய அட்டவணை ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதித் தெருக்காரர்கள் நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்தால், லாரி வரும்போது அதிகாரியிடம் நீட்டி 'இதற்கு ரசீது கொடுங்கள்' என்று கேட்கலாம்.